வாழையும் பலாவும் பார்க்க லண்டனில் டிக்கெட்டா? கியூ தோட்டத்தின் பாம் ஹவுஸ் பற்றி

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து டிசம்பரில் பெற்றோருடன் லண்டன் வருகிறீர்கள். கியூ என்ற பெரிய தாவரவியல் தோட்டத்தில், வெப்ப நாட்டுச் செடிகளை வளர்க்கும் பாம் ஹவுஸ் என்ற பழைய கண்ணாடி வீட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. அப்பா ரப்பரும் வாழையும் வைத்திருப்பவர், "நம் விளையில் நிற்கிற மரத்தைப் பார்க்க அங்கே போய்ப் பணம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

போங்கள். அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய கேள்வியும் நியாயமானதுதான். வாழை, கரும்பு, மிளகு, காப்பி, பலா, கோகோ என்று உள்ளே நிற்பவற்றில் பாதி நமக்குப் பழக்கமானவை. ஆங்கிலேயக் குழந்தைகள் வாழைத்தாரை அண்ணாந்து பார்த்து வாய் பிளக்கும்போது நமக்குச் சிரிப்புதான் வரும். செடியை மட்டும் பார்க்கப் போகிறவருக்கு அந்த இடம் ஏமாற்றமாக இருக்கலாம். அந்தச் செடிகள் அங்கே எப்படி உயிரோடு இருக்கின்றன, எதற்காகக் கொண்டுவரப்பட்டன, அங்கிருந்து எங்கெங்கே போயின என்று பார்க்கத் தொடங்கினால் கதை வேறு. அந்தக் கதையின் ஒரு நுனி உங்கள் அப்பாவின் விளையில்தான் முடிகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கட்டடம். 1844-ல் தொடங்கி 1848-ல் முடித்தார்கள். கட்டடக் கலைஞர் டெசிமஸ் பர்ட்டன். இரும்பு வேலை டப்ளினைச் சேர்ந்த ரிச்சர்ட் டர்னர். நீளம் சுமார் 110 மீட்டர், நடு மண்டபத்தின் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர், கண்ணாடிச் சில்லுகள் 16,000. அந்தக் காலகட்டத்தில் இது சாத்தியமானதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரியை 1845-ல் நீக்கினார்கள். கண்ணாடி விலை இறங்கியது. மற்றொன்று இரும்பு. பனைகள் தலை விரித்து வளர வேண்டுமானால் குறுக்கே தூண்கள் நெருக்கமாக நிற்கக் கூடாது. வார்ப்பிரும்பு சுமையைத் தாங்கும். ஆனால் வளைத்து இழுத்தால் உடையும். டர்னர் கப்பல் கட்டுகிறவர்கள் மேல்தளத்துக்குப் போடும் தேனிரும்பு உத்திரத்தை எடுத்து, வில்லாக வளைத்து, வரிசையாக நிறுத்திவிட்டார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் நிற்பதுபோல் இருக்கும். இந்த அளவில் தேனிரும்பைக் கொண்டு எழுப்பிய முதல் கட்டடங்களில் ஒன்று இது.

இனி சூடு. எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்த பகுதி கண்ணுக்குத் தெரியாததுதான். தரைக்கு அடியில் கொதிகலன்களை வைத்து, வெந்நீர்க் குழாய்களை ஓடவிட்டு, மேலே இரும்புச் சல்லடைத் தளம் போட்டு, அதன்மீது தொட்டிகளில் செடிகளை வைத்தார்கள். புகை மேலே வந்தால் கட்டடத்தின் அழகு கெடும், கண்ணாடியில் கரி படியும். ஆகவே புகையைச் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுபோய், தூரத்தில் இத்தாலியப் பாணி மணிக்கூண்டுபோல் ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் விட்டார்கள். அதே சுரங்கத்தில் நிலக்கரி கொண்டுவரச் சிறு தண்டவாளமும் போட்டிருந்தார்கள். விக்டோரியா கேட் வழியாக உள்ளே நுழைந்ததும் தெரிகிற அந்தச் செங்கல் கோபுரத்தைப் பலரும் தேவாலயம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது புகைபோக்கி. அப்பாவுக்குக் காட்டுங்கள், ரப்பர் ஷீட்டைப் புகைக்கூட்டில் உலர்த்திப் பழகியவருக்கு, புகையை எங்கே அனுப்புவது என்ற சிக்கல் உடனே விளங்கும்.

சூட்டைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். வெளிச்சத்தை வாங்க முடியாது. டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்தான்; அந்தப் பகலும் மங்கலானது. தொடக்கத்தில் கட்டியவர்கள் பயந்தது நேர்மாறான ஒன்றுக்கு: கோடை வெயில் கண்ணாடி வழியே பாய்ந்து இலைகளைக் கருக்கிவிடும் என்று நினைத்தார்கள். அதற்காகச் செப்பு ஆக்சைடு கலந்து இளம்பச்சை நிறத்தில் கண்ணாடி செய்யச் சொன்னார்கள். பிறகு லண்டனின் நிலக்கரிப் புகை மூட்டம் அதிகமாக அதிகமாக, வெயிலே கிடைப்பது அரிதானது. பச்சைக் கண்ணாடி இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் தின்றது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிறமற்ற கண்ணாடிக்கு மாறிவிட்டார்கள்.

ஈரமும் சூடும் நிறைந்த உள்காற்று இரும்புக்குப் பகை. 1984 முதல் 1988 வரை கட்டடத்தை முழுவதும் காலி செய்து பழுது பார்த்தார்கள். கண்ணாடியைப் பிடிக்கும் சட்டங்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். மொத்த நீளம் 16 கிலோமீட்டர். கட்டுவதற்கு ஆன காலமே பழுது பார்க்கவும் ஆனது.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும். கேமரா லென்ஸும் அப்படித்தான். துடைத்துப் பயனில்லை, சற்று நேரம் அது சூடேறட்டும் என்று விட்டுவிடுங்கள். வெளியில் கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஊரிலிருந்து வந்து குளிரில் இரண்டு நாள் அலைந்துவிட்ட அம்மாவுக்கு அந்த மண் வாசனையே டிக்கெட் காசுக்கு ஈடாகிவிடும்.

செடிகளைக் கண்டம் வாரியாகப் பிரித்து நட்டிருக்கிறார்கள்: தெற்குப் பக்கம் ஆப்பிரிக்கா, நடுவில் அமெரிக்கா, வடக்கில் ஆசியாவும் பசிபிக் தீவுகளும். தெற்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரு பெரிய மரப்பெட்டியில் ஈச்சமரம்போல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள். பனை இனம் அல்ல. சைகட் என்ற மிகப் பழைய வகையைச் சேர்ந்தது. பெயர் என்செஃபலார்டோஸ் ஆல்டென்ஸ்டைனி. கியூ வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் செடி சேகரிப்பாளர் ஃபிரான்சிஸ் மாசன் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. இங்கே வந்து சேர்ந்த ஆண்டு 1775. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் 15 வயதுப் பையனாக இருந்த காலம் அது. இந்தக் கட்டடத்துக்கு அடித்தளம் போடுவதற்கே இன்னும் 69 ஆண்டுகள் இருந்தன. உலகிலேயே மிகப் பழைய தொட்டிச் செடி என்று கியூ இதைத்தான் சொல்கிறது.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். தண்டு முழுவதும் உதிர்ந்த மட்டைகளின் வடுக்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, பழைய பனங்காட்டு மரத்தில் தெரிவதுபோல். ஆண்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். நீளம் நான்கு மீட்டரைத் தாண்டிவிட்டது, தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் சாய்ந்துவிட்டது, முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். நுனியில் மட்டும் கரும்பச்சையாக, ஓரத்தில் முள் வைத்த புதிய மட்டைகள். இத்தனை ஆண்டுகளில் கியூவில் அது கூம்பு (சைகட்டுக்குப் பூவுக்குப் பதில் வருவது) வைத்தது ஒரே ஒரு முறை, 1819-ல். அப்போது முதிய வயதிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அதைப் பார்க்க வந்தார்.

நடுமண்டபத்தில் சுழற்படி ஒன்று மேல் நடைமேடைக்குப் போகும். வார்ப்பிரும்புப் படி, குறுகலானது, எப்போதும் ஈரம். முழங்கால் வலி உள்ளவர்களை ஏற்ற வேண்டாம். சில நாள்களில் அதைப் பூட்டியும் வைப்பார்கள். ஏற முடிந்தால் ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சூடு கூடுவது முகத்தில் தெரியும். பனைகளின் கொண்டையை நேர் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு, பனையேறிகளைத் தவிர நம்மூரில் யாருக்கும் கிடைப்பதில்லை. இங்கே ஒரு கசப்பான உண்மையும் தெரியும்: கூரையைத் தொட்டுவிட்ட மரத்துக்கு அப்புறம் போக இடமில்லை. கண்ணாடியை உயர்த்த முடியாது, மரத்தைத்தான் வெட்ட முடியும். அப்படிப் பல பனைகள் போயிருக்கின்றன.

இப்போது ரப்பர். பாம் ஹவுஸில் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, நோஞ்சானாக இருக்கிறது" என்பார். சொல்லட்டும். ஹெவியா பிரேசிலியன்சிஸ் என்ற அந்த மரம் அமேசான் காட்டுக்குச் சொந்தமானது. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளைச் சேர்த்துக் கப்பலேற்றினார். ஆயிரம் விதைக்கு 10 பவுண்டு என்று பேச்சு. ரப்பர் விதை எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகும் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். ஜூன் மாதம் கியூவுக்கு வந்து சேர்ந்ததும், வேறு செடிகளை அப்புறப்படுத்தி நாற்றங்கால் கண்ணாடி வீடுகளில் இடம் செய்து அவசர அவசரமாக விதைத்தார்கள். (பாம் ஹவுஸில் அல்ல, பின்புறத்துச் சாதாரணக் கூடங்களில்.) நூற்றுக்கு நான்கு அளவில்தான் முளைத்தன. அதில் 1,900 கன்றுகள் வரை அதே ஆண்டில் இலங்கைக்குப் போயின. கம்பஹா அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதி இந்தச் சில ஆயிரம் கன்றுகளின் வாரிசு. கன்னியாகுமரி மாவட்டத்து மரங்களும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் கன்றுகள் கப்பலில் பிழைத்ததற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி காரணம். அதற்கு முன்பெல்லாம் செடிகளைத் திறந்த தளத்தில் வைத்துக் கொண்டுபோவார்கள். உப்புக்காற்றும் நன்னீர்ப் பஞ்சமும் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். லண்டனின் நெரிசலான கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்டு, 1829 வாக்கில் மூடிய கண்ணாடிச் சீசாவுக்குள் தண்ணீரே ஊற்றாமல் ஒரு பெரணி முளைத்து வளர்வதைக் கவனித்தார். மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குகிறது. அதை வைத்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிதான் வார்டு பெட்டி. 1833-ல் சிட்னி வரை அனுப்பிச் சோதித்தார். செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. பாம் ஹவுஸ் அமேசானை லண்டனில் நிறுத்திவைத்தது. வார்டு பெட்டி அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. இரண்டுக்கும் வேலை ஒன்றே.

சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பாளராக 1888-ல் வந்த ஹென்றி ரிட்லி இன்னொரு முக்கியமான காரியம் செய்தார். மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மட்டும் சாய்வாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை வகுத்தார். அப்பா இன்றைக்கும் விடியற்காலையில் கத்தியோடு போய்ச் சிரட்டையில் பால் இறங்கவிடுவது அந்த முறையில்தான். ஒரு தலைமுறைக்குள் பிரேசிலின் தனியுரிமை முடிந்தது. மலாயாவில் காடுகளை அழித்து ரப்பர் வைத்தார்கள். அங்கே பால்வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். இன்றைய மலேசியத் தமிழர்களில் பெரும்பகுதியின் குடும்ப வரலாறு அந்தத் தோட்டங்களில்தான் தொடங்குகிறது. இத்தனையையும் மரத்தின் பெயர்ப்பலகையில் தேடாதீர்கள். அவ்வளவு எழுத எந்தப் பலகையிலும் இடம் இருக்காது.

உதகையையும் சொல்லாமல் விடமுடியாது. அங்கே அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் மெக்ஐவர் கியூவில் வேலை பார்த்த தோட்டக்காரர். 1860-களில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சின்கோனாவை நீலகிரியில் வளர்த்துக் காட்டியவரும் அவரே. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா அதன் பட்டையிலிருந்துதான். நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை செய்யச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

பாம் ஹவுஸில் ரோஜா நிறப் பூவோடு ஒரு சிறு செடியைப் பார்ப்பீர்கள். நித்திய கல்யாணி. நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கவே தயங்குகிறவர்களும் உண்டு. மடகாஸ்கரைச் சொந்த ஊராகக் கொண்ட அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. அதற்கு இங்கே நல்ல இடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் டெம்பரேட் ஹவுஸ் என்ற இன்னொரு கண்ணாடி வீட்டுக்கும் நடந்து போங்கள். பாம் ஹவுஸைவிட இரண்டு மடங்கு பெரியது. ஐந்தாண்டுப் பழுதுபார்ப்புக்குப் பின் 2018-ல் திறந்தது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது என்செஃபலார்டோஸ் வுடியை என்ற செடி. இதுவும் சைகட்தான். 1895-ல் தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதிக் காட்டில் ஒரே ஒரு தூர் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆண். சைகட்டில் ஆண் தனி, பெண் தனி. இதுவரை ஒரு பெண் செடிகூடக் கிடைக்கவில்லை. உலகெங்கும் இருப்பவை அத்தனையும் அந்த ஒரே ஆணின் பக்கக் கன்றுகள். கியூவுக்கு வந்த கன்று 1899-ஐச் சேர்ந்தது. அது கூம்பு வைத்தது 2004-ல். மகரந்தம் உண்டு, போய்ச் சேர இடமில்லை. அண்மையில் டிரோன் பறக்கவிட்டு, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தக் காட்டின் படங்களில் பெண்ணைத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக முடிந்த கதையும் கியூவில் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ரோட்ரிக்ஸ் தீவின் கஃபே மரோன் என்ற செடி அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980-ல் ஆசிரியர் காட்டிய பழைய படத்தைப் பார்த்த பள்ளிச் சிறுவன் ஒருவன், "இது எங்கள் பக்கத்தில் இருக்கிறது" என்று ஒரு கிளையைக் கொண்டுவந்தான். இருந்தது ஒரே செடி. செய்தி பரவியதும் மருந்துக்கென்று ஊர்க்காரர்கள் கிளைகளை ஒடிக்க, வேலிக்குமேல் வேலி போட வேண்டியதாயிற்று. 1986-ல் அதன் தண்டுத் துண்டுகள் கியூவுக்கு வந்தன. வேர் பிடித்தது, பூத்தது, காய்க்கவில்லை. பல ஆண்டுகள் இப்படியே போயின. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் பூவின் பெண்பாகமான சூல்முடியின் நுனியை வெட்டிவிட்டு மகரந்தத்தை நேரடியாக வைத்து விடாமல் முயன்றார். 2003-ல் விதை பிடித்தது. அந்த விதைகளில் சில திரும்ப ரோட்ரிக்ஸுக்கே போயின. என்னைக் கேட்டால், ரப்பர் விதை போன திசைக்கு இது எதிர்த் திசை. கண்ணாடி வீடுகள் இன்றைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1987-ல் திறந்த பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் கண்ணாடி வீட்டில் டைட்டன் ஆரம் என்ற ராட்சதப் பூச்செடி இருக்கிறது. சுமத்ராவுக்கு வெளியே அது முதன்முதலில் பூத்தது 1889-ல் கியூவில். 1926-ல் மறுபடி பூத்தபோது கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வரவேண்டியிருந்தது. அழுகிய மாமிச நாற்றம் அடிக்கும் பூ. நாம் குழம்பு வைக்கும் சேனைக்கிழங்கும் இதுவும் ஒரே பேரினம். சேனை பூத்தால் வரும் நாற்றத்தை அறிந்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டிய தேவை இல்லை.

சில நடைமுறை விஷயங்கள். டிஸ்ட்ரிக்ட் லைனில் ரிச்மண்ட் போகும் ரயிலில் ஏறி கியூ கார்டன்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். விக்டோரியா கேட் நடக்கும் தூரம்தான், பாம் ஹவுஸ் அதற்கு மிக அருகில். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் மலிவு. டிசம்பரில் மாலை விளக்கு நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். பகல் டிக்கெட்காரர்களுக்குச் சீக்கிரமே கதவை மூடிவிடுவார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். பாம் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே 1852-ல் கட்டிய அல்லி வீடு இருக்கிறது. தட்டுபோல் விரியும் விக்டோரியா அல்லி இலைகளும் ஓரத்தில் தொங்கும் பீர்க்கு, சுரை வகைகளும் கோடையில் அழகாக இருக்கும். குளிர்காலத்தில் அது பூட்டியிருக்கும், நீங்கள் பார்க்க முடியாது. வெளியே மரங்களில் பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கத்தும். கூண்டிலிருந்து தப்பியவற்றின் சந்ததி என்கிறார்கள். எந்தக் கண்ணாடியின் துணையும் இல்லாமல் அந்தக் குளிரில் பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்றை மட்டும் டிக்கெட் வாங்கும்முன் பார்த்துவிடுங்கள். பாம் ஹவுஸையும் அல்லி வீட்டையும் பெரிய புனரமைப்புக்காகப் பல ஆண்டுகள் மூடும் திட்டத்தைக் கியூ அறிவித்திருக்கிறது. கண்ணாடி முழுவதையும் மாற்றி, எரிவாயுக் கொதிகலன்களுக்குப் பதிலாகக் கரியமில வாயு வெளியிடாத வெப்ப ஏற்பாட்டுக்குப் போகிறார்கள். உங்கள் தேதிக்குள் மூடிவிட்டால் டெம்பரேட் ஹவுஸும் பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ் வீடும் இருக்கின்றன. பாம் ஹவுஸ் திறந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடாமல் இந்த முறையே பார்த்துவிடுங்கள்.